பதவி ஏற ஏறக் காதுக்கு வராதவை: எக்ஸிகியூட்டிவ் கோச்சிங், ஓர் எளிய அறிமுகம்

அதுல் கவாண்டே பாஸ்டன் நகரில் அறுவை சிகிச்சை மருத்துவராக இருந்தவர். தைராய்டு போன்ற சுரப்பிகளில் அறுவை செய்வது அவருடைய துறை. எட்டு வருட அனுபவம் சேர்ந்த பிறகு அவர் ஒன்றைக் கவனித்தார். தொடக்கத்தில் அவருடைய நோயாளிகளுக்கு ஏற்படும் சிக்கல்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தன; பிறகு அந்தக் குறைவு நின்றுவிட்டது. மோசம் என்று சொல்ல எதுவும் இல்லை, யாரும் அவரைக் குறை சொல்லவும் இல்லை. ஆனால் முன்னேற்றம் இல்லை. டென்னிஸில் உலக அளவில் முன்னணியில் இருப்பவர்கள்கூட கோச் வைத்திருக்கிறார்கள், மருத்துவர்களை மட்டும் ஏன் படிப்பு முடிந்ததும் தனியாக விட்டுவிடுகிறோம் என்று யோசித்தார். ஒரு காலத்தில் தனக்குப் பயிற்சி தந்து, பின்னர் ஓய்வுபெற்ற ராபர்ட் ஆஸ்டீன் என்ற மூத்த மருத்துவரிடம், ஆபரேஷன் தியேட்டருக்கு வந்து தன்னைக் கவனிக்க முடியுமா என்று கேட்டார்.

அன்றைய அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆஸ்டீன் ஒன்றும் பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். முடிந்த பிறகு உட்கார்ந்து அவர் சொன்னவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். நோயாளியைக் கிடத்தித் துணி போர்த்திய விதம் கவாண்டேவுக்கு வசதியாக இருந்தது. எதிர்ப்பக்கம் நின்ற உதவியாளருக்குக் கையை நீட்ட இடமில்லை. கவாண்டேவின் முழங்கை அவ்வப்போது தோள் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. கை அந்தரத்தில் இருந்தால் நுணுக்கம் வராது. மேலே இருந்த விளக்கு, வெட்டிய இடத்தை விட்டு விலகி வெகுநேரம் ஆகியிருந்தது, அதை அவர் கவனிக்கவே இல்லை. அந்த இருபது நிமிடப் பேச்சு, அதற்கு முந்தைய ஐந்து வருடங்களில் கிடைக்காத அளவுக்குத் தனக்கு யோசிக்கவும் திருத்திக்கொள்ளவும் விஷயம் தந்தது என்று 2011-இல் நியூயார்க்கர் இதழில் எழுதினார்.

கவாண்டே கம்பெனி நிர்வாகி இல்லைதான். ஆனாலும் எக்ஸிகியூட்டிவ் கோச்சிங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. வேலை தெரிந்தவர், நன்றாகவே செய்துகொண்டிருப்பவர், தான் நிற்கும் இடத்திலிருந்து தனக்குத் தெரியாததை இன்னொருவர் கண் வழியாகப் பார்க்கிறார். பார்த்ததை வைத்து ஒன்றிரண்டு பழக்கங்களை மாற்றுகிறார். மேலாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் தலைமை அதிகாரிகளுக்கும் இதையே முறைப்படி, சில மாதங்கள் தொடர்ந்து செய்தால் அதற்குப் பெயர் எக்ஸிகியூட்டிவ் கோச்சிங்.

மேலே போகப் போக என்ன ஆகிறது

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தப்பு செய்தால் அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். சீனியர் சொல்லுவார், மேனேஜர் திட்டுவார், கணக்கு இடிக்கும், கோட் ஓடாது. நான்கைந்து படி ஏறிய பிறகு இந்தச் சத்தமெல்லாம் அடங்கிவிடுகிறது. கீழே இருப்பவர்களுக்குச் சொல்லப் பயம், அவர்களுடைய அப்ரைசல் உங்கள் கையில். பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல அவசியமில்லை, அடுத்த நாற்காலிக்கு அவர்களும் போட்டி. மேலே இருப்பவர் மாதக் கடைசி எண்ணைத்தான் பார்க்கிறார், நீங்கள் மீட்டிங்கில் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதை அல்ல. வருடத்துக்கு ஒருமுறை "ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட்டில் இன்னும் கவனம் தேவை" என்று ஒரு வரி வரும். அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் எதை மாற்றுவது?

தாளிப்பு நெடி சமையலறையிலேயே நிற்பவருக்கு உறைக்காது, வாசலில் நுழைகிறவருக்குத்தான் சட்டென்று தெரியும். தன்னுடைய பழக்கங்கள் விஷயத்தில் எல்லோரும் சமையலறையில் நிற்பவர்கள்தான். கோச் வாசலில் இருந்து வருகிறவர்.

இதைவிட வேடிக்கையான இன்னொன்றும் உண்டு. எந்தக் குணம் ஒருவரை ஓர் இடம்வரை உயர்த்தியதோ, அதே குணம் அடுத்த இடத்தில் காலை வாரிவிடுகிறது. எல்லா விவரத்தையும் விரல் நுனியில் வைத்திருந்ததால்தான் அவருக்கு மேனேஜர் பதவி கிடைத்தது. மேனேஜர் ஆன பிறகும் எல்லா விவரத்தையும் விரல் நுனியில் வைத்திருக்கப் பார்த்தால் அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் மூச்சுவிட முடியாது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1970-இல் தொடங்கப்பட்ட சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் மெக்காலும் லொம்பார்டோவும் 1980-களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்தார்கள். உச்சிவரை போன அதிகாரிகளையும், போவார் என்று எல்லோரும் எதிர்பார்த்து நடுவில் தடம்புரண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். திறமையில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தடம்புரண்டதற்கு அடிக்கடி வந்த காரணம், மற்றவர்களை மதிக்காமல், மிரட்டும் தொனியில் நடந்துகொண்டது. இதெல்லாம் எந்த எம்.பி.ஏ. பாடத்திலும் மதிப்பெண் குறையாத தப்பு.

இது எங்கிருந்து வந்தது

கலிஃபோர்னியாவில் டிமதி கால்வே என்பவர் டென்னிஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "மட்டையை இப்படிப் பிடி, மணிக்கட்டை மடக்காதே, காலை முன்னால் வை" என்று சொல்லச் சொல்ல மாணவர்கள் இறுகிப்போய் இன்னும் மோசமாக ஆடுவதைப் பார்த்தார். ஒருநாள் அறிவுரையை நிறுத்திவிட்டு வேறொன்று செய்யச் சொன்னார். பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல், இதை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றார். மாணவரின் கவனம் பந்துக்குப் போனது, தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் உள்குரல் அடங்கியது, ஆட்டம் தானாகச் சீரானது. ஒருவருடைய திறமையைக் கூட்டுவதைவிட அதற்குக் குறுக்கே நிற்பதை விலக்குவதே பெரும்பாலும் சுலபம் என்று கால்வே 1974-இல் ஒரு புத்தகம் எழுதினார். டென்னிஸ் ஆடாதவர்களும் அதை வாங்கிப் படித்தார்கள்.

இந்த யோசனையைக் கம்பெனிகளுக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் பிரிட்டனின் ஜான் விட்மோர். 1965-இல் லோட்டஸ் கார்ட்டினா ஓட்டி ஐரோப்பிய சாம்பியன் ஆன கார் பந்தய வீரர். அவர் சொல்லும் ஒரு சம்பவம் எனக்குப் பிடிக்கும். டென்னிஸ் கோச் பற்றாக்குறை வந்தபோது, பனிச்சறுக்கு சொல்லித்தரும் கோச்சுகளுக்கு டென்னிஸ் சீருடை மாட்டி மைதானத்துக்கு அனுப்பினார்களாம். அவர்களுக்கு டென்னிஸ் தெரியாது. அதனால் அறிவுரை சொல்ல வழியில்லை. பந்து எங்கே படுகிறது, உடம்பில் எங்கே இறுக்கம் தெரிகிறது என்று கேள்விதான் கேட்க முடிந்தது. மாணவர்கள் டென்னிஸ் கோச்சிடம் கற்றவர்கள் அளவுக்கு, சில சமயம் அதைவிட நன்றாகவே தேறினார்களாம்.

அப்படியென்றால் கோச்சுக்கு நம் தொழில் தெரிய வேண்டியதில்லையா? பாதி உண்மை என்பேன். முழங்கை உயர்ந்ததைப் பார்த்துச் சொல்ல ஆஸ்டீன் போல அறுவை தெரிந்தவர்தான் வேண்டும். ஆனால் டீமில் யாரும் வாய் திறப்பதில்லை என்ற பிரச்சினைக்கு, உங்கள் தொழில் தெரியாதவர் பல நேரம் கூடுதல் உதவி. தெரியாததால் அவர் கேட்கும் அடிப்படைக் கேள்விகளை உங்கள் துறைக்காரர் யாரும் கேட்டிருக்கமாட்டார்.

1990-களில் இது ஒரு தொழிலாகவே ஆனது. நிதி ஆலோசகராக இருந்த தாமஸ் லியோனார்ட் 1995-இல் தொடங்கிய ஐ.சி.எஃப். என்ற சர்வதேச கோச்சிங் கூட்டமைப்புதான் இன்றும் இத்துறையில் அதிகம் கேள்விப்படும் பெயர்.

கோச்சும் மற்றவர்களும்

மென்டார் உங்கள் பாதையில் முன்னால் போனவர், தன் அனுபவத்தைச் சொல்லுவார். ட்ரெயினர் தெரியாததைக் கற்றுத்தருவார். கன்சல்டன்ட் பிரச்சினையை ஆராய்ந்து விடை எழுதிக் கொடுப்பார். கவுன்சலர் மனக்காயத்துக்கு மருந்து பார்ப்பவர். கோச் பெரும்பாலும் விடை தருவதில்லை. விடையை நீங்களே கண்டுபிடிக்கும்படி கேட்கிறார், பிறகு செய்தீர்களா என்று திரும்பவும் கேட்கிறார். நடைமுறையில் இந்தக் கோடுகள் கலையும், நல்ல கோச் தேவைப்பட்டால் நேரடியாக ஒரு யோசனையும் சொல்லுவார். அதைப் பெரிய குற்றமாக நினைக்க வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது

கம்பெனி மூலமாக வரும் கோச்சிங் பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை ஓடும். முதலில் ஓர் அறிமுகப் பேச்சு. இருவருக்கும் ஒத்துப்போகுமா என்று பார்ப்பதற்கு மட்டும். ஒத்துவரவில்லையென்றால் வேறு கோச் கேட்பதில் தப்பே இல்லை. அப்புறம் நீங்கள், கோச், உங்கள் மேலதிகாரி மூவரும் உட்கார்ந்து எதற்காக இது, என்ன மாறினால் பலித்தது என்று கொள்ளலாம் என்று பேசி முடிவுசெய்வார்கள். சில இடங்களில் ஹெச்.ஆரும் இருப்பார். இந்தப் பேச்சை அவசரத்தில் முடித்துவிடும் கம்பெனிகள் பின்னால் வருத்தப்படுகின்றன, ஏனென்றால் மேலதிகாரி மனதில் ஓர் எதிர்பார்ப்பும் உங்கள் மனதில் வேறொன்றும் இருக்கும்.

அடுத்தது 360 டிகிரி ஃபீட்பேக். உங்கள் மேலே, கீழே, பக்கத்தில் இருப்பவர்களிடம் கோச் தனித்தனியாகப் பேசுவார், அல்லது கேள்வித்தாள் அனுப்புவார். யார் சொன்னது என்பது தெரியாதபடி தொகுத்து உங்களிடம் தருவார். பலருக்கு இந்த நாள்தான் கசப்பு. "நான் வேகமாக முடிவெடுப்பவன்" என்று நினைத்திருந்தவருக்கு "பேசி முடிக்கவிடமாட்டார்" என்று ஐந்து பேர் எழுதியிருப்பார்கள். முதல் வேலை, யார் எழுதியது என்று கண்டுபிடிக்கப் பார்ப்பது! எல்லோரும் செய்வதுதான். நல்ல கோச் அதைக் கொஞ்ச நேரம் விட்டுப்பிடிப்பார்.

பிறகு ஒன்று அல்லது இரண்டு இலக்கு. ஏழெட்டு எழுதினால் ஒன்றும் நடக்காது. "நல்ல தலைவராக வேண்டும்" என்பது இலக்கு ஆகாது. "வாராந்திர மீட்டிங்கில் மற்றவர்கள் பேசி முடித்த பிறகே என் கருத்தைச் சொல்வேன்" என்பது இலக்கு, ஏனென்றால் அது நடந்ததா இல்லையா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரால் சொல்ல முடியும். அதற்கப்புறம் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரப் பேச்சு, நடுவில் செய்துபார்க்க ஒரு வேலை.

அந்த ஒரு மணி நேரத்தில் பேச்சு எப்படிப் போகும் என்று காட்ட ஒரு கற்பனை உரையாடல். மென்பொருள் கம்பெனி ஒன்றில் டெலிவரி மேனேஜர் ஒருவரும் அவருடைய கோச்சும் (இதில் வரும் ரிலீஸ் என்பது புது மென்பொருளைப் பயன்பாட்டுக்கு விடுவது):

"இன்னைக்குப் பேசி முடிக்கும்போது எது தெளிவானா உங்களுக்கு நல்லா இருக்கும்?"

"என் டீம்ல யாரும் சொந்தமா முடிவெடுக்க மாட்டேங்கிறாங்க மேடம். அதுக்கு ஒரு வழி வேணும்."

"சமீபத்துல அப்படி நடந்த ஒண்ணைச் சொல்லுங்க."

"வியாழக்கிழமை ஒரு ரிலீஸ். போடலாமா வேண்டாமான்னு ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் வருது."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"லாகின் பண்ணிப் பார்த்தேன். வேண்டாம், நாளைக்குப் போடலாம்னு சொல்லிட்டேன்."

"போன் பண்ணினவருக்கு அது தெரிஞ்சிருக்காதா?"

"தெரிஞ்சிருக்கும். கெட்டிக்காரர்தான்."

"அப்புறம் ஏன் உங்களைக் கேட்டார்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"போன மாசம் அவரே ஒரு முடிவெடுத்தார். ஏன் என்கிட்ட கேக்கலைன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன்."

"சரி. இப்ப என்னென்ன செய்யலாம்?"

"அவர்கிட்ட பேசலாம். இந்த மாதிரி ரிலீஸ் எல்லாம் இனிமே உங்க முடிவுதான்னு சொல்லலாம். இல்ல... எதை அவரே முடிவெடுக்கலாம், எதுக்கு என்னைக் கூப்பிடணும்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து எழுதிக்கலாம்."

"இதுல எதைச் செய்யப் போறீங்க? எப்போ?"

"எழுதிக்கிறதுதான். நாளைக்குக் காலையில."

"அவர் எடுக்கிற முடிவு தப்பாப் போனா?"

"...அதுதான் கஷ்டம். தனியாக் கூப்பிட்டுப் பேசணும். எல்லார் முன்னாடியும் இல்ல."

கோச் இங்கே ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. "டீம் சரியில்லை" என்று தொடங்கிய பேச்சு "நான் செய்தது ஒன்று டீமை அப்படி ஆக்கியிருக்கிறது" என்ற இடத்துக்கு வந்துவிட்டது. கேள்விகளின் வரிசையையும் பாருங்கள். என்ன வேண்டும், இப்போது என்ன நடக்கிறது, என்னென்ன வழி, எதை எப்போது செய்வீர்கள். விட்மோரும் அவருடைய சகாக்களும் 1980-களில் வடிவமைத்த க்ரோ (GROW: Goal, Reality, Options, Will) என்ற முறை இதுதான். கோச்சிங் படிப்புகளில் பொதுவாக முதலில் கற்றுத்தரப்படும் முறைகளில் ஒன்று, கடைசிவரை உதவுவதும் இதுதான். இதே நான்கு கேள்விகளை மேனேஜர் தன் டீமிடம் கேட்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. கூகுள் 2008 வாக்கில் தன் மேனேஜர்களை ஆராய்ந்த ப்ராஜெக்ட் ஆக்ஸிஜனில், நல்ல மேனேஜரின் குணங்களில் முதலாவதாக வந்தது 'நல்ல கோச்சாக இருப்பது'. தொழில்நுட்ப அறிவு பட்டியலின் கடைசியில் இருந்தது.

கூகுளுக்கு வந்த கால்பந்து கோச்

கூகுள் பேச்சு வந்ததால் பில் கேம்பல் பற்றிச் சொல்லிவிடலாம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1974 முதல் 1979 வரை அமெரிக்கக் கால்பந்து கோச்சாக இருந்தவர். 12 ஆட்டங்களில் வெற்றி, 41-இல் தோல்வி. கோச்சாக அவர் வரலாறு அதோடு முடிந்திருக்க வேண்டியது. பிறகு ஆப்பிளில் சேர்ந்தார், இன்ட்யூட் கம்பெனிக்குத் தலைமை அதிகாரி ஆனார், கடைசியில் சிலிக்கான் பள்ளத்தாக்கின் தலைவர்களுக்கு கோச் ஆனார். ஸ்டீவ் ஜாப்ஸ் அவரிடம் பேசுவார். கூகுளின் லாரி பேஜும் எரிக் ஷ்மிட்டும் பேசுவார்கள்.

ஷ்மிட் 2001-இல் கூகுளுக்குத் தலைமை ஏற்றபோதே அனுபவசாலி. கோச் வைத்துக்கொள் என்று முதலீட்டாளர் ஜான் டோயர் சொன்னதும் அவருக்குக் கோபம்தான் வந்தது. நானே தலைமை அதிகாரி, எனக்கு எதற்கு கோச், நான் ஏதாவது தப்பு செய்கிறேனா என்று. பின்னாளில் தனக்குக் கிடைத்த அறிவுரைகளிலேயே சிறந்தது அதுதான் என்று அவரே சொன்னார். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையும் கேம்பலிடம் பேசியவர்களில் ஒருவர். இந்த வாரம் எந்த இழுபறியை முடித்துவைத்தாய் என்று கேம்பல் தன்னிடம் தவறாமல் கேட்பார் என்று பிச்சை நினைவுகூர்ந்திருக்கிறார். தலைவரிடம் வந்து சேருவதெல்லாம் கீழே யாராலும் தீர்க்க முடியாத சமநிலைச் சண்டைகள்தான், அதைத் தள்ளிப்போட்டால் நூற்றுக்கணக்கானவர்களின் வேலை நிற்கும். வாரா வாரம் ஒருவர் அந்தக் கேள்வியோடு வருவார் என்று தெரிந்தால் தள்ளிப்போடுவது கஷ்டம்.

கேம்பல் 2016-இல் காலமானார். புத்தகங்களில் வரும் கோச் மாதிரி அவர் நடந்துகொண்டவர் அல்ல. கட்டிப்பிடிப்பார், கெட்ட வார்த்தையில் திட்டுவார், தன் கருத்தைப் பட்டென்று சொல்வார். அவர் மேல் நம்பிக்கை இருந்ததால் அது எடுபட்டது. அந்த நம்பிக்கை இல்லாத கோச் அவரைப் போல நடிக்கப் பார்த்தால் இரண்டாவது சந்திப்பே நடக்காது.

பலன் உண்டா?

போட்ட பணம் ஏழு மடங்காகத் திரும்பும், எட்டு மடங்காகத் திரும்பும் என்று விளம்பரங்கள் சொல்லும். பெரும்பாலும் கோச்சிங் பெற்றவர்களே குத்துமதிப்பாகச் சொன்ன எண்கள் அவை. அவற்றை நான் நம்புவதில்லை. ஆனால் நிதானமான ஆய்வுகளும் உண்டு. 2009-இல் சிட்னி பல்கலைக்கழகத்தின் ஆந்தனி கிரான்ட்டும் சகாக்களும் ஆஸ்திரேலியப் பொதுச் சுகாதாரத் துறை அதிகாரிகள் 41 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதலில் கோச்சிங் தந்தார்கள், மறுபாதியைக் காத்திருக்க வைத்தார்கள். நான்கே சந்திப்புகள். கோச்சிங் பெற்றவர்கள் தங்கள் இலக்குகளில் கூடுதலாக முன்னேறினார்கள், மன உளைச்சல் குறைந்தது. 2016-இல் ஜோன்ஸ் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் பலன் தெரிந்தது, அற்புதம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை என்றாலும். அதில் ஒரு சுவாரசியம்: வெளியிலிருந்து காசு கொடுத்து அழைத்த கோச்சைவிட, அதே நிறுவனத்தில் வேலை செய்யும் கோச்சிடம் பலன் அதிகம்.

வேலையில் முன்னேற நினைப்பவர் மனதில் வைக்க வேண்டிய ஆய்வு, எக்ஸிகியூட்டிவ் கோச்சான மார்ஷல் கோல்ட்ஸ்மித்தும் ஹோவர்ட் மார்கனும் 2004-இல் வெளியிட்டது. எட்டு நிறுவனங்களில் 86,000-க்கும் மேற்பட்டவர்களின் மதிப்பீடுகளைத் தொகுத்தார்கள். தலைமைப் பண்பில் யார் மேம்பட்டார் என்பதைச் சொல்வது அவருடைய சக ஊழியர்கள், அவர் அல்ல. ஃபீட்பேக் பெற்றதைப் பற்றிச் சக ஊழியர்களிடம் பேசி, பிறகும் அவ்வப்போது போய் "எப்படி இருக்கிறது" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தெளிவாக மேம்பட்டார்கள். கேட்காதவர்களிடம் பெரிய மாற்றம் தெரியவில்லை.

காரணம் யோசித்தால் எளிது. ப்ரமோஷன் உங்கள் மனமாற்றத்துக்குக் கிடைப்பதில்லை, மற்றவர்கள் கண்ணில் படும் மாற்றத்துக்குத்தான் கிடைக்கிறது. நீங்கள் குறுக்கே பேசுவதை மூன்று மாதம் முன்பே நிறுத்தியிருக்கலாம். ஆனால் "குறுக்கே பேசுகிறவர்" என்ற பழைய படம் அவர்கள் மனதில் அப்படியே இருக்கும், ஒருநாள் தவறிப் பேசிவிட்டால் "பார்த்தாயா, மாறவே இல்லை" என்பார்கள். போய்க் கேட்டால்தான் அவர்கள் கவனிக்கத் தொடங்குகிறார்கள். கோல்ட்ஸ்மித் இதை நம்பியே தொழில் செய்கிறார். கோச்சிங் பெற்றவர் மேம்பட்டார் என்று சுற்றியிருப்பவர்கள் சொன்னால்தான் அவருக்குக் கட்டணம்.

எங்கே இது உதவாது

ஒருவரை அனுப்பிவிடலாம் என்று முடிவான பிறகு, "எல்லாம் செய்துபார்த்தோம்" என்று கோப்பில் எழுதிவைக்க கோச் நியமிக்கும் கம்பெனிகள் உண்டு. அது கோச்சிங் இல்லை, நாடகம். உங்களுக்கு கோச் போடுகிறார்கள் என்றால் மேலதிகாரியிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: இது என்னை வளர்க்கவா, திருத்தவா? 2009-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ 140 கோச்சுகளிடம் கேட்டபோது, தங்களை அழைப்பதற்கான முதல் காரணம் திறமைசாலிகளை அடுத்த பதவிக்குத் தயார்செய்வது என்று 48 சதவீதம் பேர் சொன்னார்கள். தடம்புரளும் நடத்தையைத் திருத்த என்றவர்கள் 12 சதவீதம்தான். ஆக, கோச் வந்தால் அவமானம் என்று நினைக்க வேண்டியதில்லை.

தூக்கமின்மை, தாங்க முடியாத பதற்றம், குடி போன்றவற்றுக்குப் போக வேண்டிய இடம் மனநல மருத்துவர். அதைக் கண்டுகொள்ளாமல் கோச்சிங் செய்தால் நிலைமை மோசமாகும் என்று ஸ்டீவன் பெர்கிளாஸ் என்பவர் 2002-லேயே எச்சரித்து எழுதினார். அதே போல, மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டியிருக்கும் இடத்தில் அந்த ஒருவருக்கு 'நேர மேலாண்மை' கோச்சிங் தருவது அநியாயம். குறை அமைப்பில் இருந்தால் ஆளைத் திருத்தி என்ன பயன்?

பணம் கம்பெனியுடையது என்பதால், நீங்கள் பேசுவது யாருக்குப் போகும் என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான ஏற்பாடு, இலக்கும் முன்னேற்றமும் மேலதிகாரிக்குத் தெரியலாம், பேச்சின் உள்ளடக்கம் வெளியே போகாது என்பது. இதை எழுத்தில் தரத் தயங்கும் கோச் வேண்டாம்.

ஆள் தேடும்போது இன்னொன்று. டாக்டர், வக்கீல் போல இதற்கு அரசு உரிமம் கிடையாது. நாளை காலையில் யார் வேண்டுமானாலும் விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்ளலாம். ஐ.சி.எஃப். சான்றிதழில் மூன்று படிகள்: முதல் படியான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும், பி.சி.சி.க்கு 125-உம் 500-உம், எம்.சி.சி.க்கு 200-உம் 2,500-உம். சான்றிதழ் இருந்தால் நல்ல கோச் என்று பொருள் இல்லை. உழைத்திருக்கிறார் என்று பொருள். அதைவிட நல்ல சோதனை, அறிமுகப் பேச்சில் யார் அதிகம் பேசினார் என்பது. கோச்தான் பேசிக்கொண்டே இருந்தார் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். கட்டணம் எங்கும் ஒரே மாதிரி இல்லை. அதே ஹார்வர்ட் கணக்கெடுப்பில் மணிக்கு 200 டாலரிலிருந்து 3,500 டாலர்வரை இருந்தது.

கம்பெனி செலவு செய்யாவிட்டால்

பெரும்பாலானவர்களுக்குச் செய்யாது, பெரிய பதவிக்காரர்களுக்கே இந்தச் சலுகை. ஆனால் கோல்ட்ஸ்மித் சொல்லும் ஒரு முறைக்குச் செலவே கிடையாது. மாற்ற நினைக்கும் ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்களை வேலையில் தினமும் பார்க்கும் நான்கைந்து பேரிடம் தனித்தனியாகப் போய், "மீட்டிங்ல நான் இன்னும் பொறுமையாக் கேக்கணும்னு நினைக்கிறேன். அதுக்கு ரெண்டு யோசனை சொல்லுங்க" என்று கேளுங்கள். பழைய கதை வேண்டாம், இனிமேல் என்ன செய்யலாம் என்பது மட்டும். நடந்ததைக் குறை சொல்ல எல்லோருக்கும் தயக்கம், நடக்கப்போவதற்கு யோசனை சொல்ல யாரும் தயங்குவதில்லை. சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், வேறெதுவும் சொல்ல வேண்டாம். "ஆனா அன்னைக்கு என்ன நடந்ததுன்னா" என்று ஆரம்பித்தால் அவர் அடுத்த முறை வாயைத் திறக்கமாட்டார்.

மாதம் ஒருமுறை அதே ஆட்களிடம் திரும்பப் போங்கள். முதல் மாதம் எல்லோரும் "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள், குறிப்பாக உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள். அதை நம்பிவிடாதீர்கள், கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். கேள்வியைச் சின்னதாக்குங்கள்: "செவ்வாய்க்கிழமை மீட்டிங்ல யாரையாவது பாதியில நிறுத்தினேனா?" இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லலாம், யாரையும் பொதுவாக எடைபோட வேண்டியதில்லை. யார் முதலில் "ஆமாம், ரெண்டு தடவை" என்று சொல்கிறாரோ, அவரை விட்டுவிடாதீர்கள்.